ஏழாவதாக வந்த பெயர்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குடியரசுத் தலைவர் மாளிகையின் முன்முற்றத்தில் பதவியேற்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா தொலைக்காட்சிக்கு எதிரே கீழே உட்கார்ந்து, காலண்டரில் பால்கணக்கு எழுதும் பென்சிலால் அன்றைய செய்தித்தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மேடையேறும் பெண்ணுக்குத்தான் கோடு, ஆண்களுக்குக் கிடையாது. "இதையெல்லாம் எதுக்கும்மா எண்ணிட்டிருக்க?" என்றேன். "நீதானே எழுதுறவ, நீ எண்ண மாட்டியா?" என்றாள்.

ஆறு ஆண்கள் வந்து போன பிறகு, ஏழாவதாக நிர்மலா சீதாராமன் வந்தார். முதல் கோடு விழுந்தது. பிறகு வெகுநேரம் பென்சில் சும்மாவே இருந்தது. இருபது பெயர்களுக்கு மேல் தாண்டிய பிறகு அன்னபூர்ணா தேவி. கேபினட் அமைச்சர்களில் அவ்வளவுதான். அடுத்து வந்த தனிப்பொறுப்பு இணை அமைச்சர்கள் ஐந்து பேரும் ஆண்கள். மீதிப் பெண்கள் எல்லோரும் கடைசி வரிசையான இணை அமைச்சர்களில்தான் இருந்தார்கள்: அனுப்ரியா படேல், ஷோபா கரந்தலாஜே, ரக்ஷா கட்சே, சாவித்ரி தாக்கூர், நிமுபென் பாம்பணியா. பிரதமரையும் சேர்த்து 72 பேர், கோடுகள் ஏழு. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று, பக்கத்தில் தனியாக இரண்டு. பாதி மாதப் பால்கணக்குக்குக்கூடக் காணாது.

இத்தனை பேருக்கும் பிரமாணம் செய்துவைத்தவர் திரௌபதி முர்மு, ஒரு பழங்குடிப் பெண். உறுதிமொழியின் முதல் சொல்லான 'நான்' என்பதை அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மீதியை அமைச்சராகிறவர் சொல்லி முடிப்பார். அன்று எழுபத்திரண்டு முறை ஒரு பெண் 'நான்' என்று ஆரம்பித்துக் கொடுத்தார். அதில் அறுபத்தைந்து முறை ஓர் ஆண் அந்த 'நானை' வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் இலாகாப் பட்டியல் வந்தது. அமைச்சரவைப் பட்டியலை நாம் செய்தியாகத்தான் படிக்கிறோம். அதைப் பிரதியாகப் படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். யார் பெயர் எந்த வரிசையில், எந்தப் பெயருக்கு எதிரே எந்தத் துறை, யாருக்கு மேலே யார் என்று நிறுத்தி வாசித்தால், நாவலைவிடக் கூடுதலாகவே சொல்லும். இந்தப் பிரதிக்கு ஆசிரியர் ஒருவரே. அரசியலமைப்பின் 75ஆம் பிரிவின்படி பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். ஆலோசனை என்பது மரியாதைக்குச் சொல்வது. 2003இல் வந்த 91ஆம் திருத்தம் ஓர் உச்சவரம்பு வைத்தது: மக்களவை எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. எத்தனை பேர் என்று சட்டம் கேட்கிறது. யார் யார் என்று அது கேட்பதேயில்லை. 2023இல் நிறைவேறிய பெண்கள் இடஒதுக்கீட்டுச் சட்டமும் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்றதே தவிர, அமைச்சரவை வாசலுக்கு வரவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்ற இரண்டு கதவுகளுக்குப் பின்னால் வைத்துத்தான் நிறைவேற்றினார்கள். பெண்ணுக்கு அமைச்சரவையில் இடம் உரிமையாக இல்லை. கொடுத்தால் உண்டு என்ற நிலைதான், 1947 ஆகஸ்ட் 15 முதல் இன்றுவரை.

அந்த முதல் பட்டியலுக்குப் போவோம். நேருவைச் சேர்த்துப் பதினான்கு பேர். நிதிக்கு நம் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், சட்டத்துக்கு அம்பேத்கர், உள்துறைக்குப் படேல். ஒரே பெண் ராஜ்குமாரி அம்ரித் கவுர்; துறை சுகாதாரம். இது தற்செயல் என்று நினைப்பவர்கள் பத்து வருடம் பின்னே பார்க்கட்டும். 1937இல் ஐக்கிய மாகாணத்தில் அமைச்சரான விஜயலட்சுமி பண்டிட்டுக்குக் கிடைத்தது உள்ளாட்சியும் பொதுச் சுகாதாரமும். 1946இல் சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைச்சரவையில் ருக்மணி லட்சுமிபதிக்குப் பொதுச் சுகாதாரம். அறுபதுகளில் சுசீலா நய்யாருக்கும் சுகாதாரமே, அவராவது மருத்துவர். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ராத்திரி கண் விழிப்பவள் யாரோ, அவளுக்கே நாட்டின் காய்ச்சலையும் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 'பெண்களுக்கு மென்மையான துறைகளையே தருகிறார்கள்' என்று எழுதி எழுதி, சுகாதாரமும் கல்வியும் குழந்தை நலமும் ஏதோ இரண்டாம்தரத் துறைகள் என்று நாமும் ஒத்துக்கொண்டுவிட்டோம். பீரங்கி வாங்கும் துறை பெரியது, தடுப்பூசி போடும் துறை சிறியது என்பது யார் போட்ட கணக்கு? அம்ரித் கவுர் தன் துறையைச் சிறியதாக நடத்தவில்லை. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம், 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1956இல் சட்டமான எய்ம்ஸ் எல்லாம் அவர் காலத்தவை. எய்ம்ஸுக்காக நியூசிலாந்தின் உதவியைப் பெற்றார். சிம்லாவில் தன் குடும்பத்துக்கு இருந்த வீட்டையும் அந்த நிறுவனத்துக்கே கொடுத்தார். அன்றைய பட்டியலில் இருந்த பல ஆண்கள் விட்டுச்சென்றதைவிட இது கனமானது.

ஆனால் அவரைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 65 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். காந்தியின் செயலராகப் பல வருடம் இருந்த அம்ரித் கவுருக்கோ கருத்தடைச் சாதனங்கள் மனதுக்கு ஒவ்வாதவை; சுயக்கட்டுப்பாடே வழி. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்தது 'பாதுகாப்பான நாட்கள்' பார்க்கும் முறைக்கான சோதனை. டெல்லியிலும் மைசூர்ப் பக்கம் ராமநகரத்திலும் பெண்களுக்கு நிறம்நிறமாக மணி கோத்த மாலைகளைக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணியின் நிறத்தைப் பார்த்து, இன்று கூடலாம், இன்று கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சோதனை எடுபடவில்லை.

எடுபடாததற்கு மணிகளின் மீதும், பெண்களின் படிப்பறிவின் மீதும் பழி போட்டவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. அந்த மாலை ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டது: இன்று வேண்டாம் என்று மனைவி சொன்னால் கணவன் திரும்பிப் படுத்துக்கொள்வான். 1952இல் ராமநகரத்தில் அப்படி எத்தனை வீடு? இன்றைக்கு நம் தெருவில் எத்தனை? மணமாகாத, அரச குடும்பத்தில் பிறந்த, தன் உடலுக்குத் தானே எஜமானியாக இருந்த ஒரு பெண், அந்த எஜமானத்தனம் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு வலி உண்டு. முப்பதுகளிலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பேசினார், எழுதினார்; பெண்ணின் ஆரோக்கியத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் அது நல்லது என்று மற்றவர்கள் வாதாடியபோது, பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதற்காகவே வேண்டும் என்றார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தவர் அம்பேத்கர். சாதனங்கள் இருந்தன, வாதங்களும் இருந்தன. அறையில் இருந்த ஒரே பெண்தான் மணிமாலையைத் தேர்ந்தெடுத்தார்.

பெண் இருந்தால் பெண்ணுக்கு நல்லது நடக்கும் என்று கோடு போட்டு எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த மணிமாலை நினைவுக்கு வருகிறது. அம்பேத்கரின் கதை அதற்கு மறுபுறம். 1951 செப்டம்பரில் அவர் அமைச்சரவையிலிருந்து விலகினார். அடுத்த மாதம் வெளியிட்ட அறிக்கையில் சொன்ன காரணங்களில் இந்துச் சட்ட மசோதாவைக் கைவிட்டதும் முக்கியமானது. பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கும் தரவிருந்த சட்டத்துக்காக ஒன்றிய அமைச்சரவையைத் துறந்தவர் என்று என் நினைவுக்கு வருபவர் அந்த ஓர் ஆண் மட்டுமே. அம்ரித் கவுர் அனைத்திந்தியப் பெண்கள் மாநாட்டின் தலைவராக இருந்தவர். ஹன்சா மேத்தாவோடு சேர்ந்து, மத சுதந்திரம் என்ற பெயரில் சமூகச் சீர்திருத்தச் சட்டங்களை முடக்கிவிடுவார்கள் என்று அரசியல் நிர்ணய சபையின் குழுவில் எச்சரித்தவர். மசோதாவைக் கிடப்பில் போட்ட நாட்களில் அமைச்சரவை அறைக்குள் அவர் என்ன பேசினார்? அமைச்சர்கள் இரண்டு பிரமாணம் எடுக்கிறார்கள். ஒன்று பதவிக்கு, இன்னொன்று ரகசியக் காப்புக்கு. உள்ளே சண்டை போட்டவளும் வாய் திறக்காதவளும் வெளியே ஒரே முகத்தோடுதான் வர வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்கிற இந்த ஏற்பாடு அரசுக்குத் தேவையாக இருக்கலாம். பெண் வரலாறு எழுதுகிறவளுக்கு அது பூட்டிய பெட்டி.

அதே சுகாதாரத் துறையில் ஐம்பதுகளில் இன்னொரு பெண்ணும் இருந்தார்: துணை அமைச்சர் மரகதம் சந்திரசேகர், நம் திருவள்ளூர்த் தொகுதியிலிருந்து போன தலித் பெண். மேலே ஓர் இளவரசி, கீழே ஒரு தலித் பெண், ஒரே துறையில். இரண்டு பெண்களை இரண்டு துறைக்கு அனுப்பினால் இரண்டு துறை 'போய்விடும்' அல்லவா? துணை அமைச்சருக்குக் கேபினட் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. மரகதம் சந்திரசேகர் பிறகும் பல வருடம் ஒன்றிய அரசில் இருந்தார்: உள்துறை, சமூகநலம், எண்பதுகளில் மகளிர் மற்றும் சமூகநலம். துணை, துணை, பிறகு இணை. அவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு என் கண்ணில் படவில்லை. ராஜீவ் காந்தியின் கடைசிப் பொதுக்கூட்டம் நடந்த ஸ்ரீபெரும்புதூரின் உறுப்பினர் என்று ஒரு வரியில் வந்து போகிறார்.

சத்தியவாணி முத்துவின் கதை இன்னும் விசித்திரம். தலித்துகளை நடத்தும் விதம் சரியில்லை என்று திமுகவை விட்டு 1974இல் வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கி, பிறகு எம்ஜிஆரோடு சேர்ந்தவர். 1979 ஆகஸ்டில் சரண் சிங் அமைச்சரவையில் சமூகநல அமைச்சரானார். திராவிடக் கட்சிகளிலிருந்து ஒன்றிய அரசுக்கு முதன்முதலில் போன இருவரில் ஒருவர் அவர். மற்றவர் பாலா பழனூர். ஆனால் பதவியேற்ற சூடு ஆறும் முன்பே, ஆகஸ்ட் 20 அன்று, நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்காமல் சரண் சிங் விலகிவிட்டார். தேர்தல்வரை காபந்து அரசு. நாடாளுமன்றத்தை ஒருநாள்கூடச் சந்திக்காத அமைச்சரவையில்தான் அந்த வரலாற்று இடம் ஒரு தலித் பெண்ணுக்குக் கிடைத்தது. 'திராவிடக் கட்சிகள் டெல்லியில்' என்று பேசும்போது 1996ஐயும் 1999ஐயும் சொல்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்ல மறப்பது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

'பெண்ணே பிரதமராக இருந்த நாடு இது' என்று இதற்குள் ஒரு குரல் வந்திருக்கும். 1964இல் சாஸ்திரி அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறை, 1966இல் பிரதமர் பதவி என்று வந்த இந்திரா காந்தி, பட்டியல் எழுதும் பேனாவைப் பதினைந்து வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்தார். அந்தப் பேனாவால் அவர் எழுதிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் துணை அமைச்சர், இணை அமைச்சர் வரிசையிலேயே நின்றன. நந்தினி சத்பதி, சரோஜினி மஹிஷி போன்றவர்களும் அங்கேதான். 'அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே ஆண் அவர்தான்' என்ற பழைய கேலியைப் பாராட்டாகவே இன்றும் மேடையில் சொல்கிறார்கள். அதில் பெண்ணுக்கு என்ன பெருமை என்று எனக்கு விளங்கியதில்லை. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகு, மறுநாள் விடிகாலையில்தான் அமைச்சரவையைக் கூட்டித் தகவல் சொன்னார்கள். நாற்காலிகள் எல்லாம் இருந்தன. முடிவு மட்டும் அங்கே எடுக்கப்படவில்லை. 2019 நவம்பர் 23 அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கியபோதும், அலுவல் விதிகளின் 12ஆம் விதியைக் காட்டி அமைச்சரவைக் கூட்டமே இல்லாமல் காரியம் முடிந்தது. கூடாத கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று எப்படி எண்ணுவது?

அமைச்சரவைக்குள்ளே இன்னொரு சிறிய அறை இருக்கிறது, பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. பிரதமர், உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு. 2017 செப்டம்பரில் நிர்மலா சீதாராமன் பாதுகாப்புத் துறைக்கு வந்தபோது, வெளியுறவில் இருந்த சுஷ்மா ஸ்வராஜையும் சேர்த்து அந்த அறையில் இரண்டு பெண்கள் ஆனார்கள். 2019வரை நீடித்தது. அது சின்ன விஷயமல்ல. நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் சுஷ்மாவை நாடு எப்படி நினைவில் வைத்திருக்கிறது? பாஸ்போர்ட் தொலைத்தவருக்கும் பாலைவன நாட்டில் மாட்டிக்கொண்டவருக்கும் ட்விட்டரில் பதில் சொன்ன அம்மாவாக. செய்தது நல்ல காரியம்தான். வெளியுறவுத் துறையைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு சமையலறையைக் கட்டி அங்கே பெண்ணை நிற்கவைத்துப் பார்ப்பதில் நமக்கு ஒரு நிம்மதி.

2014இல் சுஷ்மாவோடு பதவியேற்ற நஜ்மா ஹெப்துல்லாவின் இலாகா சிறுபான்மையினர் நலம். அன்று பதவியேற்றவர்களில் ஒரே முஸ்லிம் அவர். பெண் கணக்குக்கு ஒன்று, முஸ்லிம் கணக்குக்கு ஒன்று என்று ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதிக்கொள்ளலாம். 2024 ஜூனில் அந்த இரண்டாவது கணக்கே தேவைப்படவில்லை. பதவியேற்ற 72 பேரில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. சாதிக்கும் மாநிலத்துக்கும் கூட்டணிக் கட்சிக்கும் ஆண்களை வைத்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் கட்டங்களில் பெண்ணைப் பொருத்துவதுதான் பட்டியல் எழுதும் முறை. ஆகவே அவள் எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக்கு வருகிறேன். 2006 ஜனவரியில் அது தனி அமைச்சகமானது. ரேணுகா சௌத்ரி, கிருஷ்ணா தீரத், மேனகா காந்தி, ஸ்மிருதி இரானி, அன்னபூர்ணா தேவி, ஐவரும் பெண்கள். முதல் இருவருக்கும் தனிப்பொறுப்பு இணை அமைச்சர் அந்தஸ்துதான். 2024இல் அன்னபூர்ணா தேவிக்குக் கீழே இணை அமைச்சராக வைத்தது சாவித்ரி தாக்கூரை: பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண் மேலே, பழங்குடிப் பெண் கீழே, மறுபடியும் ஒரே அறையில். இந்த அறையின் தலைமை நாற்காலியில் இதுவரை ஓர் ஆணை உட்காரவைக்கத் தோன்றவில்லை. உட்காரவைத்தால் என்ன குறை? குழந்தைகளின் பசியைப் பற்றிய கோப்புகளுக்கு ஓர் ஆண் முழுப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருப்பார்.

இந்த அமைச்சகத்தின் கீழேதான் அங்கன்வாடிகள் வருகின்றன. எங்கள் தெருக்கோடியில் ஒன்று இருக்கிறது. 2024 பட்டியல் வந்த வாரம் அங்கே போயிருந்தேன். டீச்சர் ஒரு கையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு இன்னொரு கையில் போஷன் டிராக்கர் செயலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "புது மந்திரி வந்திருக்காங்க டீச்சர், தெரியுமா? உங்க துறைக்கு." "அப்படியா? யாரா இருந்தா என்னங்க மேடம்," என்று போனை என் பக்கம் திருப்பினார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இது எடுக்க மாட்டேங்குது, எடுக்கலன்னா நான் வேல செய்யலன்னு அர்த்தம். அவங்க வீட்டுல இத ஒருநாள் திறந்து பாக்கச் சொல்லுங்க." உள்ளேயிருந்து ஆயாம்மா, "உங்க மந்திரிகிட்ட கேஸ் சிலிண்டர் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கம்மா," என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் ஊழியர்கள் அல்ல, தொண்டர்கள். இவர்கள் பெறுவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். மதிப்பைச் சொல்லில் வைத்துவிட்டு ஊதியத்தைக் குறைத்துக்கொண்ட சொல் அது. 2018இல் ஒன்றிய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்கான மதிப்பூதியத்தை மாதம் 3000 ரூபாயிலிருந்து 4500ஆகவும், உதவியாளருக்கு 1500இலிருந்து 2250ஆகவும் உயர்த்தியது. தமிழ்நாடு தன் பங்காகச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. 2022 ஏப்ரலில், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக நீதிமன்றப் படி ஏறியவர்களும் இந்தப் பெண்களே.

நிர்மலா சீதாராமன் 2019 ஜூலை முதல் 2025 பிப்ரவரி வரை எட்டு பட்ஜெட்டுகளைத் தாக்கல் செய்திருக்கிறார். மதுரையில் பிறந்த ஒரு பெண், கையில் சிவப்புத் துணிப்பையோடு நாடாளுமன்றப் படியேறும் படத்தை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். 2005-06இலிருந்து பட்ஜெட்டோடு பாலின பட்ஜெட் அறிக்கை ஒன்றும் வருகிறது. அதைத் தொடங்கியபோது நிதியமைச்சர் ஓர் ஆண். அந்த எட்டு பட்ஜெட்டிலும் 4500 நகரவில்லை. அவர் தனியாக நகர்த்தக்கூடியது அல்ல, அரசின் கொள்கை முடிவு என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் ஏழாவது பெயராக அவர் வந்ததும் நாம் போட்ட கோடு எதை எண்ணியது?

போன வாரம் அம்மாவின் பழைய தாள் கட்டில் அந்தப் பக்கம் கிடைத்தது. ஏழு கோடுகளுக்குக் கீழே, அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு கோடு, சின்னதாக, கேள்விக்குறியோடு இருந்தது. "இது யாரும்மா?" என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "பிரமாணம் பண்ணி வச்ச அம்மாதான். சேர்க்கலாமா வேண்டாமான்னு தெரியல. எழுதி வச்சேன்."